கேட்பதற்கு மட்டும்

"இப்ப கிளியரோ?"

கிணற்றடியில் நின்று அன்ரனாக் குழாயைத் திருப்பியபடி கிறகோரி கத்தினார்.

"இரைச்சல்தான் வருது!" விறாந்தையிலிருந்து மனைவி யூலிற்றா பதிலுக்குக் கத்தினாள்.

"இப்ப?"

"ஓம், ஓம்! ஆரோ இருமுறான். அப்பிடியே விட்டிட்டு வாங்கோ!"

வீட்டுக்கு டிஷ் வந்தபிறகு காகம் குந்துவதற்கு மட்டும் பயன்பட்ட பழைய ரீவீ அன்ரனா அது. கிறகோரி அதைக் கடல் பக்கம் திருப்பி, வயரை விறாந்தைக்குள் இழுத்து, கொழும்பில் வாங்கிய றேடியோ ஸ்கானரில் செருகியிருந்தார். கடலில் நிற்கிற படகுக்காரர் தங்களுக்குள் வோக்கி ரோக்கியில் கதைப்பதெல்லாம் இப்போது அவர் வீட்டில் கேட்கும். ஸ்கானரின் விளக்கப் புத்தகம் சீன மொழியில் இருந்தது. கிறகோரி அதை வாசித்து முடித்தவர் மாதிரித்தான் கதைப்பார்.

ஞாயிறு பூசை முடிய கடற்றொழிலாளர் சங்கத்துக்குத் தலைவர் தெரிவு. அந்தக் கரையில் மீன் குறைந்த காலத்திலும் தலைவர்மார் குறைந்ததில்லை. கிறகோரி ஏற்கெனவே மூன்று முறை நின்று, மூன்று முறையும் மரியாதையாகத் தோற்றவர். இந்த முறை எதிரே நிற்பவன் டிலக்ஸன். நாலு பேருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று வணக்கம் சொல்லவும் கூச்சப்படுகிற பெடியன்.

"இது கேக்கிறதுக்கு மட்டும் உள்ள சாமான்," என்று கதிரையில் சாய்ந்தார் கிறகோரி. "நாங்கள் கேக்கிறம் எண்டு அவங்களுக்குத் தெரியாது. ஆற்றை மனசிலை என்ன கிடக்குது எண்டு தெரிஞ்சாப் பாதித் தேர்தல் முடிஞ்சுது."

"அப்ப இந்தச் சிவப்பு லைற் என்னத்துக்கு எரியுது?"

"செற் உசாராய் இருக்குது எண்டு அர்த்தம். கவனிச்சனியே, நான் கதைக்கத் தொடங்க அது இரையிறதை நிப்பாட்டுது. தலைவர் ஆரெண்டு மெசினுக்கே விளங்குது, சனத்துக்குத்தான் விளங்குதில்லை."

அவர் நிறுத்தியதும் சிவப்பு அணைந்து பச்சை வந்தது. செற் கரகரத்தது.

"என்ன இருந்தாலும் எங்கடை அத்தானை மாதிரி ஒரு ஆள் வராது," என்றது ஒரு குரல். யூலிற்றாவின் தம்பி மெல்ரொன்.

"ஓமடா, அவர் கதைச்சாக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்," என்றது இன்னொரு குரல்.

கிறகோரி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்டியோ! உன்ரை தம்பிக்கு வலையை விட வாய் பெரிசு. ஆனாலும் நெஞ்சிலை உண்மை கிடக்குது."

"தோத்தா?"

"தோத்தா இந்த அன்ரனாவைக் கழட்டி உன்ரை கோழிக்கூட்டுக்குள்ளை வைக்கிறன். கோழியள் ஏறிக் குந்தட்டும்."

"சரி, வெண்டா? ஒரு நாளைக்கு வள்ளத்திலை வாங்கோ தலைவர் எண்டு கூப்பிடுவாங்களே."

கிறகோரி குரலைத் தாழ்த்தினார். "மெல்லக் கதை. ஊருக்கு முதுகு நோ எண்டுதானே சொல்லி வைச்சிருக்கிறம். வள்ளத்திலை கால் வைச்ச உடனை சத்தி எடுக்கிறவன் மீன்பிடிக்காரருக்குத் தலைவர்! கலியாணத்துக்கு முன்னம் ஒருக்காப் போனனான். மீன் பிடிக்கேல்லை, மீனுக்குச் சாப்பாடு போட்டிட்டு வந்தனான்."

சொல்லிவிட்டு அவரே வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து முடிக்க, செற்றிலும் ஒரே சிரிப்பு. நாலைந்து படகிலிருந்து சிரித்தார்கள்.

"பாரை மீன் பட்டிருக்குது போல," என்றார் கிறகோரி.

"மெல்ரொன், உன்ரை வள்ளத்திலை தேசிக்காய் கிடக்குதோ?" என்றது செற்றில் ஒரு குரல்.

"ஒண்டு கிடக்குது. ஆனா மூட்டையாய் வேணும் போலை!"

மறுபடியும் சிரிப்பு.

"கடலிலை தேசிக்காய் என்னத்துக்கு?" என்று கேட்டாள் யூலிற்றா.

"மீன் பொரிக்கப்போறாங்கள்," என்றார் எல்லாம் தெரிந்த கிறகோரி.

ஞாயிற்றுக்கிழமை கிறகோரிக்கு விழுந்தது இரண்டு வோட்டு. ஒன்று அவருடையது. மற்றதை யாரோ அவசரத்தில் பிழையாகப் போட்டிருக்க வேண்டும் என்று அவரே முடிவுகட்டினார். டிலக்ஸன் வணக்கம் சொல்லாமலே தலைவராகிவிட்டான்.

திங்கட்கிழமை பின்னேரம் படகுகள் கடலில் இறங்கும்வரை கிறகோரி வாயே திறக்கவில்லை. பிறகு திறந்தார்.

"வோக்கியிலை ஒரு கதை, வோட்டுப் பெட்டியிலை ஒரு கதை! யூலிற்றா, குறட்டைக் கொண்டு வா. அன்ரனாவைக் கழட்டப்போறன்."

"கோவத்திலை ஒண்டும் செய்யாதேங்கோ."

"கோவமில்லை. இனித் தோக்கிறதுக்கும் எனக்கு உடம்பிலை சத்தில்லை. கோழியாவது உயரத்திலை ஏறட்டும்."

யூலிற்றா குறட்டோடு வந்தாள். கிறகோரி கையை நீட்டினார்.

"அக்கா! குறட்டைக் குடுத்திடாதை!"

இருவரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் இல்லை. விறாந்தை மேசையில் பச்சை லைற் எரிந்துகொண்டிருந்தது.

"அத்தான், கோவிக்காதேங்கோ," என்றது மெல்ரொனின் குரல். "முறைக்கு நான் உங்களுக்குத்தான் போட்டனான். மற்ற ஆக்கள் கூடிக் கதைச்சு டிலக்ஸனுக்குப் போட்டவை. உங்களைத் தலைவராக்கினாப் பின்னேரத்திலை மீற்றிங் மீற்றிங் எண்டு ஓடித் திரிவியள். பிறகு வலையைப் போட்டிட்டு நாங்கள் கடலிலை எதைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறது?"

கிறகோரி செற்றைப் பார்த்தார். சத்தி வராமல் இருக்க வள்ளத்தில் மணக்கிற தேசிக்காய் நினைவுக்கு வந்தது. முதுகைத் தடவிக்கொண்டார்.

பிறகு குறட்டை யூலிற்றாவிடமே விட்டுவிட்டு, கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, சேட் கொலரைச் சரிசெய்து, தொண்டையைச் செருமினார். சிவப்பு லைற் எரிந்தது.

"இப்ப கிளியரோ?"