புது வெர்ஷனின் வேகம்

"கலக்கிட்டம்மா மோனிகா! நீ புது வெர்ஷன் போட்டு மூணு நாளா கேட்ல ஒரு லாரிகூட நிக்கல. பத்தே நிமிஷத்துல போய்க்கினே இருக்குது!"

மேனேஜர் ஜெகன் லட்டு டப்பாவை நீட்டினார். மோனிகா அவசரமாகக் கம்ப்யூட்டர் திரையை முதுகால் மறைத்தாள்.

கும்மிடிப்பூண்டியில் அந்த இரும்பு ஆலையின் கேட் பாஸ் சாஃப்ட்வேர் அவள் பொறுப்பு. டேட்டாபேஸ் லைப்ரரியைப் புதுப்பித்த நாள் முதல் அது திறக்கவே மறுத்து, ஒரே பிழையைக் காட்டி அடம்பிடித்தது: டேட்டாபேஸை இணைத்துக் கொடுக்க வேண்டிய சர்வீஸ் பதிவாகவே இல்லையாம்.

லட்டை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி தேடினாள். மதியம் ஒருவழியாக, அந்த சர்வீஸைப் பதிவு செய்யும், புரோகிராமில் விட்டுப்போன ஒரு வரியைக் கண்டுபிடித்துச் சேர்த்தாள். சாஃப்ட்வேர் உயிர் பெற்றது.

ஒரு மணி நேரத்தில் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. ஜெகன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"இப்டியே போனா எளாவூர் வரைக்கும் லாரி நிக்கும்! இன்னாம்மா பண்ண?"

"சரி பண்ணேன் சார்."

"நல்லா ஓடிக்கினு இருந்தத இன்னாத்துக்குச் சரி பண்ண? முன்ன மாதிரியே ஆக்கு!"

மோனிகா ஜன்னல் வழியே பார்த்தாள். மூன்று நாளாக லாரி நம்பரைச் சாக்பீஸால் சுவரில் எழுதிக்கொண்டு, கையாலேயே கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் பச்சையப்பன், இப்போது கீபோர்டில் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

சேர்த்த வரியை அழித்தாள். பச்சையப்பன் சாக்பீஸை எடுத்தார். லாரிகள் நகர்ந்தன.

"பாத்தியா," என்றார் ஜெகன், "இதான் சாஃப்ட்வேர்!"