லைட்டர் வரி

பட்ஜெட்டுக்கு முன் தொழில் சங்கங்களின் கோரிக்கைகளைக் கேட்கும் கூட்டம் அது. பிளாஸ்டிக் லைட்டருக்கு இறக்குமதி வரியைக் கூட்டச் சொன்னார் தீப்பெட்டி உற்பத்தியாளர் சங்கச் செயலாளர் பேச்சியம்மாள். குறைக்கச் சொன்னார் லைட்டர் இறக்குமதியாளர் சங்கத் தலைவர் தவமணி. அமைச்சர் எழுந்தார். "டீ குடிச்சிட்டு வர்றேன். அதுக்குள்ள ரெண்டு பேரும் பேசி ஒண்ணு சொல்லுங்க. அதையே போட்டுடலாம்."

பேச்சியம்மாள் தவமணியின் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, என் ஆலையில அறுபது பொம்பளைங்க வேலை பாக்காங்க."

"என் ஆலையிலயும் பாத்தாங்கம்மா."

"நீங்களும் தீப்பெட்டி போட்டீங்களா? பெறவு ஏன் விட்டீங்க?"

"லைட்டர் வந்துட்டுல்லா."

அமைச்சர் திரும்பி வந்து கேட்டபோது தவமணிதான் முந்திக்கொண்டார். "கூட்டிருங்கய்யா." சொல்லிவிட்டு, வேறு யாரோ பேசியதைக் கேட்டவர்போல மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்ஜெட்டில் வரி கூடியது. ஆலையில் பேச்சியம்மாள் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

அடுத்த வருடக் கூட்டத்தில் எதிர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். "தவமணி அண்ணாச்சி வரலையா?" என்று கேட்டார் பேச்சியம்மாள்.

"அவரைப் போன வருஷமே சங்கத்துலேர்ந்து எடுத்துட்டாங்களேம்மா" என்றபடி, புதியவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.