நகர்ந்த நாற்காலி

ஒரு வீட்டில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று வாசலைப் பார்த்தே சொல்லிவிடுவார் தபால்காரர். முப்பது வருஷப் பழக்கம். ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, பாழடைந்த வீடுகளைப் படம் எடுப்பதுதான் அவருக்குத் துணை.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக ஒரே வீடு. உடைந்த ஜன்னலுக்கு வெளியே நின்று எடுத்த மூன்று படங்களிலும் மாலை வெயில் உள்ளே கிடந்த நாற்காலி மேல் கச்சிதமாக விழுந்திருந்தது.

படங்களைப் பார்த்த ஸ்டூடியோக்காரர் சிரித்தார். "வெயில் வாராவாரம் ஒரு சாண் தள்ளி விழுது. நாற்காலியும் கூடவே போகுதே! யார் காதுல பூ சுத்துறீங்க?"

"சத்தியமா நான் உள்ள காலே வைக்கலை!"

"அப்போ நாலு கால் இருக்குன்னு அதுவா நடந்துச்சா?"

தபால்காரருக்குச் சுருக்கென்றது. அடுத்த ஞாயிறு போய் எட்டிப் பார்த்தார். வெயிலில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே கிடந்தன. ஒன்றில் அவர் வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"ஒவ்வொரு தடவையும் கேட் சத்தம் கேட்டதுமே எழுந்து ஒதுங்கிக்குவேன், உங்க படம் கெட்டுடக் கூடாதுன்னு," என்றார் அந்த மனிதர். "இன்னிக்காவது உள்ள வந்து கொஞ்சம் உட்காருங்களேன். வெயில் இன்னும் அரை மணி நேரம் இருக்கும்."