மூன்றாவது வெளிச்சம்

காட்சி தொடங்க அரை மணி நேரம் இருந்தது. ஆளில்லாத தியேட்டரில் எல்லா விளக்குகளும் அணைந்திருந்தன. கடைசி வரிசையில் கணவரின் டார்ச்சுடன் டிக்கெட் கவுண்டர்க்காரி. கீழே, திரையோரம் அவர். இருபது வருடமாக அங்கே டார்ச் அடித்து இடம் காட்டுபவர்.

நேற்று அவர் பின்னால் வந்த ஒரு பெண் படியில் தடுக்கி விழுந்துவிட்டாள். “டார்ச் மங்கிப்போச்சு சார்” என்றார் இவர். “இன்னொருத்தர் விழுந்தா வேற ஆள் போட்டுடுவேன்” என்றார் மேனேஜர். பழைய பல்புக்குப் பதிலாகப் பொருத்த, அவள் மூன்று எல்.இ.டி. மாட்யூல் வாங்கி வந்திருந்தாள்.

“முதல்ல பளிச் வெள்ளை. எப்படிங்க?”

“கண்ணைக் குத்துது. படம் பாக்க வர்றவங்க என்ன திருடனா?”

அடுத்ததை மாட்டினாள். “இது மஞ்சள்.”

“படம் போடறதுக்குள்ள குறட்டை விடுவாங்கடி.”

“சட்டை எடுக்கப் போனாலும் இதே நொட்டைதான். சரி, கடைசி. நிலா வெளிச்சமாம்.”

“ஆஹா!” அவர் குரல் கனவில் மிதந்தது. “சீட்டெல்லாம் ஆத்து மணல் மாதிரி மினுங்குது. திரையில பால் வழியுது. நடுவுல நீ தேவதையாட்டம் நிக்கிறே. இதுதாண்டி!”

மேலே நாற்காலிகளுக்கிடையில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது.

“என்னடி, வெக்கமா?”

அவள் இருட்டில் மண்டியிட்டு, நாற்காலிக்கடியில் தடவிக்கொண்டிருந்தாள். மூன்றாவது மாட்யூல், மாட்டும் முன்பே கை நழுவி விழுந்திருந்தது.

“இன்னும் மாட்டவே இல்லைங்க” என்றாள் மெதுவாக. “எத்தனை நாளா கண்ணு தெரியல?”

முதல் படியில் கால் வைத்தபடி அவர் சொன்னார்: “எல்லாப் படியும் என் காலுக்குத் தெரியும்டி.”

“உங்க பின்னால வர்றவங்களுக்குத் தெரியாதேங்க.”