வாட்டுக்கு முத்திரை இல்லை

"வோல்ட்டுக்கு முத்திரை குடுத்திருக்கீங்க. ஆம்பியருக்கும் குடுத்திருக்கீங்க. ரெண்டையும் பெருக்கினா வாட்டு. அதுக்கு மட்டும் ஏன் இல்ல?"

மலேசியாவின் செனாய் நகரில், மின்கருவிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் ஆய்வுக்கூடத்தில் டாரில் என்பவன் மறுபடியும் இதையே கேட்டான். அவன் வேலை செய்யும் தொழிற்சாலையில் சார்ஜர் தயாராகிறது. அங்குள்ள வாட் மீட்டருக்கு முத்திரையிட்ட சான்றிதழ் இல்லாமல் சரக்கு சிங்கப்பூருக்குப் போகாது.

சான்றிதழில் கையெழுத்திடும் அதிகாரி பிரேமலா பொறுமையாகச் சொன்னாள்.

"ஏசி கரண்ட்ல ரெண்டும் ஒரே நேரத்துல ஏறி இறங்காது. அந்த வித்தியாசத்தையும் அளந்தாதான் வாட்டு சரியா வரும். அத அளக்க எங்க லேபுக்கு அங்கீகாரம் இல்ல. கோலாலம்பூருக்கு அனுப்புங்க."

"அங்க ரெண்டு வாரம் ஆகும் லா. சும்மா குத்திக் குடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"மீட்டர வச்சு வேலை செய்றவங்களுக்குத் தெரியும்."

டாரில் ஆத்திரத்துடன் மீட்டரைப் பெட்டிக்குள் திணித்தான்.

"உங்க பாஸ்கிட்ட பேசறேன். நாளைக்கு உங்களயே கையெழுத்து போட வைக்கிறேன்."

"நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேன். இன்னைக்குதான் கடைசி நாள். வேற கம்பெனில சேரப்போறேன்."

அவன் முகம் சற்றுத் தெளிந்தது.

"நல்லதாப் போச்சு. உங்களயும் வேலைக்கு எடுத்திருக்காங்களே, அது எந்தக் கம்பெனி?"

"உங்க கம்பெனிதான். குவாலிட்டி மேனேஜரா வரேன்."