பூனையோட ஆம்ப்

"ம்ம்ம்ம்ம்ம்..."

ஹால் முழுக்க அந்தச் சத்தம்தான். பேஸ் கிட்டாரோட ஆம்ப் பெட்டியிலருந்து வருது. வாசிக்கிறவன் கிட்டார்ல கையே வைக்கல, அது பாட்டுக்கு இரைஞ்சுக்கிட்டு இருக்கு.

"என்னய்யா இது, ஆம்ப்பா, மாவு மெஷினா?" மாஸ்டர் கத்தினார்.

மூணு மணிக்கு ஒரு கம்பெனியோட ஆண்டு விழாவுல கச்சேரி. அப்ப மணி ரெண்டரை. மாஸ்டர்தான் இசைக்குழுவை நடத்துறவர். நான் சவுண்டு ஆளு. மைக், ஸ்பீக்கர், மேடைக்குக் கரண்டு குடுக்குற போர்டு எல்லாம் என் பொறுப்பு. பதினெட்டு வருஷ அனுபவம். என்னை ஒருத்தன் ஒரு குறை சொல்லிட முடியாது.

பேஸ் வாசிக்கிறவனுக்கு நாங்க வெச்ச பேரு பூனை. வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது. நாப்பது வயசாச்சு, வாயைத் திறந்து பேச வராது. எனக்கு இந்த மாதிரி ஆளுங்களைக் கண்டாலே பத்திக்கிட்டு வரும்.

"போன கச்சேரியிலயும் இதே ரோதனை. இன்னிக்கும் என் மானத்தை வாங்கினே, வேற குழு பாத்துக்க"ன்னு அவன்கிட்ட சொல்லிட்டு மாஸ்டர் போயிட்டார்.

பூனை முகம் செத்துப் போச்சு. ரெண்டு பொண்ணுங்க படிக்குது அவனுக்கு. கச்சேரியை விட்டா வேற பொழைப்பு கிடையாது.

"நகரு, நான் பாக்கறேன்"னு சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டேன். "கிட்டார்ல வால்யூமைக் குறை."

குறைச்சான். சத்தம் குறையல.

"கேபிளை மாத்து."

புதுசு மாட்டினான். அப்பவும் ம்ம்ம்ம்ம்.

"கிட்டாரையே மாத்து."

வேற ஒருத்தரோட கிட்டாரை வாங்கி மாட்டினான். அதே சத்தம். பெட்டித் தலையில ரெண்டு தட்டு தட்டிப் பாத்தேன். ம்ஹூம்.

"அப்ப உன் பெட்டிதான் சொத்தை. எந்தக் குப்பையில பொறுக்கினே இதை?"

லைட் போடுறவர் சிரிச்சார். எனக்கு இன்னும் உற்சாகம் ஏறிடுச்சு.

"அண்ணே..." பூனை மெல்ல வாயைத் திறந்தான். "கம்பியில கை வெச்சா இரைச்சல் கூடுதுண்ணே. ஆம்ப்பை வேற லைன்ல மாட்டிப் பாக்கலாமா? ஒருவேளை உங்க போர்டுல..."

"என் போர்டுலயா?" சுர்ருனு ஏறிச்சு எனக்கு. "பதினெட்டு வருஷமா கரண்டோட குடித்தனம் பண்றேன், நீ எனக்குப் பாடம் எடுக்கறியா? நல்லதா ஒரு ஆம்ப் வாங்கத் துப்பில்ல, என் போர்டு மேல பழி போடறான் பாருங்கய்யா!"

எல்லாருக்கும் கேக்கணும்னுதான் அவ்வளவு சத்தமா சொன்னேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

கச்சேரி ஆரம்பிச்சுது. பாட்டு கொஞ்சம் மெதுவா வந்தாப் போதும், அந்த ம்ம்ம்ம் வந்து முன்னாடி நிக்குது. முதல் வரிசையில கம்பெனி முதலாளி காதைக் குடைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கார். மாஸ்டர் பூனையை முறைச்ச முறைப்பு இருக்கே! வேணும், நல்லா வேணும்னு நினைச்சுக்கிட்டேன்.

இடைவேளை விட்டதும் டீ குடிக்கப் போயிட்டேன். போர்டை விட்டு நகரக் கூடாதுன்னு மாஸ்டர் நூறு தடவை சொல்லியிருக்கார். யார் பாக்கப் போறா?

திரும்பி வந்தா சத்தம் இல்ல. சுத்தமா இல்ல. பேஸ் கும்முனு கேக்குது.

"பாத்தீங்களா, நான் தட்டின தட்டு இப்பத்தான் வேலை செய்யுது"ன்னு லைட் போடுறவர்கிட்ட பீத்திக்கிட்டேன்.

கச்சேரி முடிஞ்சு சாமானெல்லாம் கட்டிட்டு இருந்தோம். பூனை என் பக்கத்துல வந்து நின்னான்.

"அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க போர்டுல எர்த் வயர் கழண்டு கிடந்துச்சு, அதான் அந்த இரைச்சல். இடைவேளையில மெயினை அணைச்சுட்டு நான்தான் மாட்டினேன்."

எர்த் இல்லாம முக்கால் மணி நேரமா கச்சேரி நடந்திருக்கு. பாடுற அம்மா மைக்கை உதட்டோட ஒட்ட வெச்சுப் பாடுறவங்க. ஷாக் அடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்!

"மாஸ்டர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லண்ணே. கரண்டு விஷயம். தெரிஞ்சா உங்களை ஒரு நிமிஷம் வெச்சுக்க மாட்டார். உங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு. போர்டை ஒரு தடவை முழுசாப் பிரிச்சு எல்லாத்தையும் இறுக்கிடுங்க, அது போதும்."

மத்தியானம் நான் பேசின பேச்சுக்கு வேற ஒருத்தனா இருந்தா மேடையிலயே என் மானத்தைக் கப்பலேத்தியிருப்பான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அவன் கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"சாகற வரைக்கும் இதை மறக்க மாட்டேன்பா"ன்னேன். நெசமாத்தான் சொன்னேன்.

அப்ப மாஸ்டர் வந்தார். பூனையை ஏறெடுத்தும் பாக்கல. நேரா என்கிட்ட வந்தார்.

"முதலாளி என்னை நிக்க வெச்சுக் கேக்கறார்யா. நீ சொல்லு, கோளாறு பெட்டியிலயா, ஆள்லயா? உன் பேச்சை வெச்சுத்தான் இவனை வெச்சுக்கறதா, அனுப்பறதான்னு முடிவு பண்ணப் போறேன்."

பூனை என்னைப் பாத்தான். நான் இன்னும் அவன் கையை விடல.

"ரெண்டுலயும்தான் மாஸ்டர்"னு சொன்னேன்.