வாங்கு ஹாஜியார்

"இண்டைக்கும் உங்கட மகன் வாங்குலதான் இரிக்கான் காக்கா," என்றான் பக்கத்துக் கடை முபாறக், மைதான வேலியில் சாய்ந்தபடி.

ஸைனுலாப்தீன் ஹாஜியாருக்கு அதை ஒருவர் சொல்லத் தேவையில்லை. வந்ததிலிருந்து அவர் பந்தையே பார்க்கவில்லை. அணிப் பிள்ளைகளின் பைகளையெல்லாம் காலடியில் குவித்து வைத்துக்கொண்டு, மாற்று ஆட்டக்காரர்கள் இருக்கும் மர வாங்கில் உட்கார்ந்திருந்த ஹாதிக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாடசாலைகளுக்கிடையிலான இறுதிப் போட்டி. ஹாதிக் இந்த வருசத்தோடு பள்ளிக்கூடம் முடிக்கிறான். இன்று இறங்காவிட்டால் இனி இறங்கவே முடியாது. இதற்காகக் கல்முனையில் ஹாட்வெயார் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார் ஹாஜியார்.

மூன்று ஆட்டமாக இதே கதைதான். மகன் பந்தடிக்கப் போகிறானா, பைகளுக்குக் காவல் இருக்கப் போகிறானா என்று ஊரே கேட்கத் தொடங்கிவிட்டது. தேத்தண்ணிக் கடைக்குள் அவர் நுழைந்தால், "வாங்கு ஹாஜியார் வாறாரு" என்று சிரிப்பு.

"விளையாடத் தெரியாதவனா அவன்?" என்று பொருமினார் ஹாஜியார். "பெருநாளோட கொழும்புல இரிந்து பூட்ஸ் எடுப்பிச்சுக் குடுத்தன். எட்டாம் அளவு எடுக்கப் போனன். 'கால் வளருது வாப்பா, ஒம்பது எடுங்க' எண்டான். அவ்வளவு யோசினக்காரன். அவனப் போய் இருத்தி வெச்சிரிக்காங்களே."

முபாறக் மெதுவாகத் திரியைக் கொளுத்தினான். "கோச் எந்த ஊரு காக்கா?"

"மாவடிப்பள்ளி."

"அந்தா ஓடுறானே றுமைஸ், உங்கட மகன்ட இடத்துல. அவன் எந்த ஊரு?"

ஹாஜியார் கொஞ்சம் யோசித்தார். "மாவடிப்பள்ளி."

அதற்குமேல் ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை. நம்முடைய பக்கத்தில் ஊர்ப் பெயர் தெரிந்துவிட்டால் வழக்கு முடிந்தது.

அவரது சட்டைப்பையில் ஏற்கெனவே ஒரு பெட்டிசம், புகார்க் கடிதம், இருந்தது. கல்விப் பணிப்பாளருக்கு, நேற்றே எழுதியது. 'ஊர்ப் பாகுபாடு காட்டும் பயிற்றுநர்' என்று தலைப்பு. கீழே, 'இப்படிக்கு, உண்மையுள்ள பெற்றோர்.' பெயர் இல்லை. பெட்டிசத்துக்குப் பெயர் போடும் வழக்கம் நம்மிடம் எங்கே இருக்கிறது?

அந்த நேரம் பார்த்து றுமைஸ் ஒரு கோல் போட்டான். மைதானமே எழும்பித் துள்ளியது. ஹாதிக் மட்டும் எழும்பாமல், இருந்த இடத்திலிருந்தே கை தட்டினான்.

"தன்ட இடத்தப் புடிச்சவனுக்குக் கை தட்டுறான் பாரு, மடையன்."

இடைவேளைக்கு ஊதியதும் ஹாஜியார் நேரே கோச் அப்துல் ஸமட்டிடம் போனார்.

"சேர், ஆள மாத்துங்க."

"கொஞ்சம் பொறுங்க ஹாஜியார்..."

"மூணு மெட்ச் பொறுத்திட்டன். எண்ட மகனுக்கு இது கடைசி. உங்கட ஊர்ப் பொடியனுக்கு மட்டும்தான் காலு இரிக்கா?"

ஸமட் சேர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹாதிக் அவரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். சேர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"கத வரல்ல பாத்தீங்களா?" ஹாஜியார் பெட்டிசத்தை உருவி எடுத்தார். "இப்ப அவன இறக்காட்டி நாளைக்கு இது பணிப்பாளர்ட மேசையில இரிக்கும்." பெயர் போடாமல் எழுதியதை இப்படி முகத்துக்கு நேரே ஆட்டுகிறோமே என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை.

ஸமட் சேர் பெருமூச்சு விட்டார். "சரி. றுமைஸ், நீ வா. ஹாதிக், ஆயத்தமாகு."

ஹாஜியார் வேலிப் பக்கம் திரும்பி, முபாறக்குக்குப் புருவத்தை உயர்த்திக் காட்டினார். மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது, றுமைஸ் மண்ணில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

ஹாதிக் காலடியில் இருந்த பைகளைத் தள்ளினான். வெறுங்கால். றுமைஸ் நீட்டிய பூட்ஸில் ஒரு காலை நுழைத்துப் பார்த்தான். தொளதொளவென்று இருந்தது. சுற்றிலும் எதையோ தேடினான்.

"வாப்பா, அந்தப் பேப்பரத் தாங்க."

ஹாஜியார் சுதாரிப்பதற்குள் பெட்டிசம் அவன் கைக்குப் போய்விட்டது. அவன் அதை வாசிக்கவில்லை. இரண்டாகக் கிழித்துக் கசக்கி, ஒரு பூட்ஸுக்கு ஒன்றாக நுனியில் திணித்தான்.

"அது நான் வாங்கின பூட்ஸெல்லவா?"

"ஓம் ஹாஜியார்," என்றார் ஸமட் சேர். "வெறுங்காலோட வந்தா நடுவர் இறங்க விடமாட்டார். றுமைஸுட்ட பூட்ஸ் இல்ல. உங்களுட்டச் சொல்லக் கூடாதெண்டு மகன் என்னட்டச் சத்தியம் வாங்கிட்டான்."

"றுமைஸுக்கு என்ன அளவு?" ஹாஜியாரின் குரல் இறங்கிவிட்டது.

"ஒம்பது."

ஹாஜியார் மகனின் காலைப் பார்த்தார். அது கொஞ்சமும் வளர்ந்திருக்கவில்லை. மாவடிப்பள்ளிப் பொடியனுக்குப் பூட்ஸ் வேணும் என்று அவன் நேரே கேட்டிருந்தால் வாங்கிக் கொடுத்திருக்க மாட்டார். அது அவருக்குத் தெரியும். மகனுக்கும் தெரிந்திருக்கிறதே என்பதுதான் சுட்டது. வெட்கத்தோடு பெருமையும் சேர்ந்தே வந்தது.

விசில் கேட்டது. ஹாதிக் நாடாவைக் கட்டிக்கொண்டு எழும்பினான். வாங்கில் வந்து உட்கார்ந்த றுமைஸ், பைகளை இழுத்துத் தன் காலை மூடிக்கொண்டான்.

"சேர், ஆள மாத்தாதீங்க," என்றார் ஹாஜியார்.

வேலிக்கு அப்பாலிருந்து முபாறக் கத்தினான். "என்ன காக்கா மாறிச் சொல்றீங்க? அப்ப உங்கட மகன்?"

ஹாஜியார் ஹாதிக்கின் தோளைப் பிடித்து இருத்தி, பூட்ஸை றுமைஸிடம் திருப்பிக் கொடுக்க வைத்து, தானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"வாங்கு ஹாஜியார்தான் சொல்றன். எண்ட மகன் இங்கயே இரிக்கட்டும்."